ஒரே வரைபடம், இரண்டு அளவுகள்: பேரடைகளை எண்ணிப் பிரபஞ்சம் விரிவதையும் திரள்வதையும் எப்படிப் பிரித்தறிகிறார்கள்?

யாழ்ப்பாணத்தில் உயர்தரம் கணிதப் பிரிவில் படிக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருந்தா: "பேரடைகளின் தூரத்தைச் செம்பெயர்ச்சியை, அதாவது அவற்றின் ஒளி எவ்வளவு சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்பதை, வைத்துத்தான் கணிக்கிறார்கள். செம்பெயர்ச்சியைத் தூரமாக மாற்றுவதற்குப் பிரபஞ்சம் எப்படி விரிகிறது என்று முன்னரே தெரிந்திருக்க வேண்டும். பிறகு அதே வரைபடத்தை வைத்தே விரிவை அளந்துவிட்டோம் என்கிறார்கள். இது செக்குமாடு மாதிரிச் சுற்றி வருவதில்லையா? போதாததற்கு, ஈர்ப்பு எவ்வளவு விரைவாகச் சடப்பொருளைத் திரட்டுகிறது என்பதையும் அதே படத்திலிருந்து எடுக்கிறார்கள். ஒரு படத்திலிருந்து இரண்டையும் எப்படிப் பிரிக்கிறார்கள்?"

தங்கச்சி, நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். இந்தத் தரவுகளோடு சில வருடம் வேலை செய்தவன் நான். இந்தத் துறையின் உழைப்பில் பெரும்பகுதி நீங்கள் கேட்ட அந்தச் சுற்றை உடைப்பதற்காகத்தான் செலவாகிறது. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கும், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் அளவுகோல். பிரபஞ்சம் பிறந்து ஏறத்தாழ 380,000 வருடங்கள் வரைக்கும் எங்கும் சூடான பிளாஸ்மா. ஒளியும் புரோத்தன்களும் இலத்திரன்களும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டு ஒரே பாய்மமாக இருந்தன. எங்கெல்லாம் அடர்த்தி சற்றுக் கூடியிருந்ததோ அங்கிருந்து ஒரு ஒலியலை புறப்பட்டது. கோயில் கேணியில் கல் போட்டால் வளையம் விரியுமே, அதே மாதிரி, ஆனால் முப்பரிமாணத்தில் ஒரு கோளமாக. அதன் வேகமும் சாதாரணமானதல்ல, ஒளியின் வேகத்தில் பாதிக்கு மேல். பிரபஞ்சம் குளிர்ந்து இலத்திரன்கள் அணுக்களுக்குள் அடங்கியதும் ஒளி பிரிந்து போய்விட்டது, அலையைத் தள்ளுவதற்கு அழுத்தம் இல்லை, வளையம் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. உருக்கின நெய்யில் அலை எழும்பி, அது அடங்கும் முன்னரே நெய் உறைந்துவிட்டால் அலையின் வடிவம் அப்படியே நிற்கும் அல்லவா, அதைப் போல.

அந்த வளையத்தின் ஆரை, இன்றைய அளவுக்கு விரிந்த நிலையில், ஏறத்தாழ 147 மெகாபார்செக். அதாவது 480 மில்லியன் ஒளியாண்டு. ஒரு கல் அல்ல, கோடிக்கணக்கான கற்கள் ஒரே நேரத்தில் விழுந்த கேணி அது. ஆகவே வானத்தைப் பார்த்து இதோ ஒரு வளையம் என்று விரல் நீட்டிக் காட்ட முடியாது. புள்ளிவிபரமாகத்தான் தெரியும்: ஒரு பேரடையிலிருந்து 480 மில்லியன் ஒளியாண்டு தூரத்தில் இன்னொரு பேரடை இருப்பதற்கான வாய்ப்பு, தற்செயலாக இருக்கக்கூடியதைவிட ஏறத்தாழ ஒரு சதவீதம் கூட. அவ்வளவுதான். 1970 இலேயே பீபிள்ஸும் யூவும் ஒரு பக்கம், சுன்யாயேவும் செல்டோவிச்சும் இன்னொரு பக்கம் இதைக் கணித்து எழுதிவிட்டார்கள். ஆனால் இந்த ஒரு சதவீதத்தைப் பிடிப்பதற்கு 35 வருடம் காத்திருக்க வேண்டியதாயிற்று. 2005 இல் டானியல் ஐசன்ஸ்டைன் குழு ஸ்லோன் என்ற வான்வரைபட ஆய்வின் 46,748 பிரகாசமான செம்பேரடைகளில், எண்ணிக்கை வளைகோட்டில் சிறு மேடாகத் தெரியும் அந்த மிகுதியைக் கண்டது, அதே வருடம் ஷோன் கோல் குழு 2டிஎஃப் என்ற இன்னொரு ஆய்வில் கண்டது.

எண்ணுவது என்று சொல்கிறேனே, அதை எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்லாமல் விட்டால் நீங்கள் அடுத்த கேள்வி கேட்பீர்கள். கிழிந்த பாயில் நெல் காயப்போட்டிருக்கிறது என்று வையுங்கள். சில இடத்தில் நெல் இல்லை. அது நெல்லைப் பரப்பினவர் விட்ட இடைவெளியா, பாயில் இருக்கும் ஓட்டையா? வானத்திலும் இதே சிக்கல். பிரகாசமான நட்சத்திரம் மறைத்த இடம், பால்வீதியின் தூசு மங்கச் செய்த இடம், கருவி பார்க்காமல் விட்ட இடம் என்று ஓட்டைகள் கனக்க உண்டு. ஆகவே அதே கிழிந்த பாயில், அதே ஓட்டைகளோடு, எந்த ஒழுங்கும் இல்லாமல் கணினியால் புள்ளிகளைத் தூவுகிறோம். பிறகு உண்மைப் பேரடைச் சோடிகள் எத்தனை, தூவின புள்ளிச் சோடிகள் எத்தனை, இரண்டும் கலந்த சோடிகள் எத்தனை என்று ஒவ்வொரு தூரத்துக்கும் எண்ணி ஒப்பிடுகிறோம். லாண்டியும் சாலேயும் 1993 இல் எழுதிய சமன்பாடுதான் இன்றும் வேலை செய்கிறது. கேட்க மிக எளிது. ஆனால் பாயின் ஓட்டைகளைச் சரியாக அறிவதுதான் வருடக்கணக்கான வேலை, ஏனென்றால் நாம் தேடுவது ஒரு சதவீதம், தூசைச் சரியாகக் கழிக்காவிட்டால் அதைவிடப் பெரிய பொய்மேடு தானாகவே வந்து நிற்கும்.

சரி, இனி உங்கள் செக்குமாட்டுக் கேள்வி.

உண்மையில் நாம் நேரடியாக அளப்பது இரண்டே இரண்டு பொருள்கள். வானத்தில் இரண்டு பேரடைகளுக்கிடையில் உள்ள கோணம் ஒன்று, அவற்றின் செம்பெயர்ச்சி வித்தியாசம் மற்றது. இந்த இரண்டுக்கும் பிரபஞ்சம் எப்படி விரிகிறது என்ற எந்தக் கோட்பாட்டு மாதிரியும் தேவையில்லை. ஒலிவளையம் பார்வைக்குக் குறுக்காகக் கிடந்தால் ஒரு கோணமாகத் தெரியும். பார்வைத் திசையில் கிடந்தால் ஒரு செம்பெயர்ச்சி வித்தியாசமாகத் தெரியும். செம்பெயர்ச்சி 0.5 இல் இன்று ஏற்கப்பட்ட மாதிரிப்படி கணக்குப் போட்டால், அந்தக் கோணம் ஏறத்தாழ 4.3 பாகை. முழுநிலவை எட்டு ஒன்பது தரம் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் வரும் அகலம் அது. பார்வைத் திசையில் செம்பெயர்ச்சி வித்தியாசம் ஏறத்தாழ 0.044. கோணம் அந்த இடத்துக்குள்ள தூரத்தைத் தருகிறது. செம்பெயர்ச்சி வித்தியாசமோ, அந்த ஒளி புறப்பட்ட காலத்தில் பிரபஞ்சம் எவ்வளவு வேகமாக விரிந்துகொண்டிருந்தது என்பதை நேரடியாகவே தருகிறது. தூரங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்து விரிவு வேகத்தை எடுக்க வேண்டியதில்லை, இதுதான் இந்த முறையின் அழகு என்று எனக்குப் படுகிறது.

வரைபடம் வரைய ஒரு மாதிரியை எடுத்துக்கொள்கிறோம் என்பது உண்மை. ஆனால் அது தற்காலிகமாகப் போட்ட சாரம் மட்டுமே. அந்த மாதிரி பிழையென்றால் உருண்டையாக இருக்க வேண்டிய வளையம் முட்டை வடிவமாக வரும், அல்லது இருக்க வேண்டிய இடத்திலிருந்து தள்ளி நிற்கும். எந்தத் திசையில் எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளந்தால் மாதிரியை எவ்வளவு திருத்த வேண்டும் என்று தெரிந்துவிடும். அல்கொக்கும் பச்சின்ஸ்கியும் 1979 இல் சொன்னது இந்த வடிவச் சோதனைதான். அதற்கு வளையத்தின் உண்மை அளவுகூடத் தெரிய வேண்டியதில்லை, உருண்டையாக இருக்க வேண்டும் என்று தெரிந்தாலே போதும்.

ஆனால் ஒரு இடத்தில் உங்கள் சந்தேகம் நிற்கிறது, அதை மறைக்கக் கூடாது. பேரடைகள் மட்டும் ஹபிள் மாறிலியை, அதாவது இன்றைய விரிவு வேகத்தை, தரமாட்டா. ஹபிள் மாறிலியையும் வளைய ஆரையையும் பெருக்கி வரும் எண்ணைத்தான் தருகின்றன. ஆரை 147 மெகாபார்செக் என்பது ஆதிப் பிரபஞ்சத்தின் மிச்ச ஒளியாகப் பிளாங்க் விண்கலம் பார்த்த நுண்ணலைப் பின்னணியிலிருந்து வருகிறது, இல்லாவிட்டால் ஆதிப் பிரபஞ்சத்தில் உருவான தியூத்தேரியம், ஈலியம் ஆகியவற்றின் அளவிலிருந்து சாதாரணப் பொருளின் அடர்த்தியைக் கணித்து எடுக்க வேண்டும். இரண்டாவது வழியில் டெசி என்ற புதிய பேரடை ஆய்வு 2025 இல் தந்த விடை ஒரு மெகாபார்செக்குக்குச் செக்கனுக்கு 68.51 கிலோமீற்றர், வழு 0.58. பிளாங்க் தந்தது 67.4, வழு 0.5. அருகிலுள்ள செபீட் நட்சத்திரங்களையும் சுப்பர்நோவாக்கள் என்ற வெடிக்கும் நட்சத்திரங்களையும் படிப்படியாக வைத்து அளந்தவர்கள் சொல்வது 73.04, வழு 1.04. இந்தப் பிணக்கு இன்னும் தீரவில்லை. ஆதிப் பிரபஞ்சத்தில் நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருந்து வளைய ஆரையைச் சுருக்கியிருந்தால், பேரடைகளின் விடையும் மேலே ஏறும். அளவுகோலின் நீளத்தை வேறொருவரிடம் கேட்டு வாங்கியிருக்கிறோம், அந்த உண்மையை ஒருபோதும் மறக்கக் கூடாது.

இனி இரண்டாவது பாதி, எனக்கு இதைவிடப் பிடித்த பாதி.

நல்லூர்த் தேரன்று வீதியில் நிற்கிறீர்கள். சனம் தேரை நோக்கி நகர்கிறது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறீர்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரே சுரத்தில் ஊதும் ஒரு குழல் இருக்கிறது, தூரம் கூடக்கூடச் சுரம் இறங்கும் என்று ஒரு விதி இருக்கிறது, அதை வைத்து ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்று மட்டுக்கட்டுகிறீர்கள். தேருக்கு இப்பால், உங்களுக்குக் கிட்ட நிற்பவர்கள் தேரை நோக்கிப் போகிறார்கள், அதாவது உங்களை விட்டு விலகுகிறார்கள், அதனால் அவர்கள் சுரம் இன்னும் இறங்கும், உண்மையில் நிற்பதைவிடத் தூரத்தில் நிற்பதாக நினைப்பீர்கள். தேருக்கு அப்பால் நிற்பவர்கள் தேரை நோக்கி வரும்போது உங்களை நோக்கியும் வருகிறார்கள், அவர்கள் கிட்ட நிற்பதாகத் தெரியும். மொத்தத்தில் கூட்டம் உங்கள் பார்வைத் திசையில் நசுங்கித் தெரியும். பக்கவாட்டில் நசுங்காது. கண்ணைத் திறக்காமலே, இந்த நசுங்கலின் அளவை வைத்துச் சனம் எவ்வளவு வேகமாகத் தேரை நோக்கிச் சேர்கிறது என்று சொல்லிவிடலாம்.

பேரடைகளும் இதைத்தான் செய்கின்றன. விரிவினால் வரும் செம்பெயர்ச்சிக்கு மேல், அடர்த்தியான இடங்களை நோக்கி அவை விழும் வேகமும் சேர்ந்துவிடுகிறது. செக்கனுக்கு 300 கிலோமீற்றர் என்று எடுத்தால் வரைபடத்தில் ஏறத்தாழ 14 மில்லியன் ஒளியாண்டு இடம் தவறும். முதலில் இதைத் தொல்லை என்றுதான் பார்த்தார்கள். நிக் கைசர் 1987 இல் இந்த நசுங்கலைச் சமன்பாடாக எழுதினார். அதிலிருந்து வளர்ச்சி வேகத்தையே எடுக்க முடியும் என்றானது. தொல்லை என்று கழிக்கப் பார்த்த ஒன்றே அளவீடாக மாறிவிட்டது. தேரின் வடத்துக்குக் கிட்ட, நெருக்கித் தள்ளி எல்லாத் திசையிலும் அலையும் கூட்டத்தில் நிலைமை தலைகீழ், பேரடைக் கொத்துகளுக்குள் வேகம் செக்கனுக்கு ஆயிரம் கிலோமீற்றர் என்றெல்லாம் போவதால் அவை பார்வைத் திசையில் இழுபட்டு விரல்கள் மாதிரி நம்மை நோக்கி நீளும். அவற்றுக்குக் கடவுளின் விரல்கள் என்றே பெயர். அந்தச் சிறு தூரங்களை மாதிரியாக்குவது கடினம், அநேகம் பேர் அவற்றை விலக்கிவிட்டுப் பெரிய தூரங்களை மட்டுமே பயன்படுத்துகிறார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பேரடைகள் சடப்பொருளின் சரியான மாதிரிப்படம் அல்ல. இரவில் யாழ்ப்பாணத்துக்கு மேலே பறந்து கீழே பார்த்தால் யாழ் நகரமும் சுன்னாகமும் சாவகச்சேரியும் பளிச்சென்று தெரியும், இடையில் வீடுகள் இருந்தும் வயலும் பனங்கூடலும் இருட்டாக இருக்கும். விளக்குகள் சனத்தொகையை மிகைப்படுத்திக் காட்டுகின்றன. பேரடைகளும், கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளின் மேடுகளை அப்படித்தான் மிகைப்படுத்துகின்றன, எவ்வளவு மிகைப்படுத்துகின்றன என்பது பேரடை வகைக்கு வகை மாறும். ஆனால் விழும் வேகம் இந்த மிகைப்படுத்தலைக் கேட்பதில்லை, செம்பேரடையும் நீலப்பேரடையும் கரும்பொருள் துகளும் ஒரே ஈர்ப்பில் ஒரே மாதிரித்தான் விழும். அதனால்தான் நசுங்கலிலிருந்து வரும் எண் இவ்வளவு மதிப்புள்ளது. அந்த எண்ணில் இரண்டு பொருள் பெருக்கலாகச் சேர்ந்திருக்கும்: வளர்ச்சி வீதம், அதோடு சடப்பொருள் எவ்வளவு கட்டிகட்டியாக இருக்கிறது என்பதன் அளவு. கட்டுரைகளில் எஃப் சிக்மா எட்டு என்று எழுதுவார்கள்.

ஜோன் பீகொக் குழு 2001 இல் 2டிஎஃப் ஆய்வின் ஏறத்தாழ 141,000 பேரடைகளில் இந்த நசுங்கலைத் தெளிவாகக் காட்டியது. அவுஸ்திரேலியாவில் ஒரே தடவையில் 400 ஒளியிழைகளை ஒரு றொபோ ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்த ஆய்வு அது. ஸ்லோனில் அலுமினியத் தட்டுகளில் துளை போட்டு, ஒவ்வொரு துளையிலும் மனிதர்கள் கையால் ஒளியிழையைச் செருகினார்கள், முதலில் தட்டுக்கு 640, பிறகு ஸ்லோனின் பிந்திய ஆய்வான பொஸ் காலத்தில் 1000. அப்படிக் கையால் செருகிச் செருகித்தான் 12 இலட்சம் பேரடைகளின் பொஸ் வரைபடம் 2016 இல் முடிந்தது. அந்தத் தட்டுகளின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கைகள்தான் எனக்கு நினைவுக்கு வரும். இன்று அரிசோனாவில் கிட் பீக் மலையில் உள்ள 4 மீற்றர் மேயல் தொலைகாட்டியில் டெசியின் 5000 சிறு றொபோக்கள் அந்த வேலையைச் செய்கின்றன.

சரி, நீங்கள் கேட்ட பிரிப்பு. வளையம் முட்டையாவதும் பார்வைத் திசை விளைவு, கூட்டம் நசுங்குவதும் பார்வைத் திசை விளைவு, இரண்டும் ஒன்றையொன்று குழப்பாதா? குழப்பும். மேடு எங்கே நிற்கிறது என்று தெரியாமல் நசுங்கலை மட்டும் பார்த்தால் பிரிக்கவே முடியாது. ஆனால் விரிவின் பிழை மேட்டின் இடத்தை நகர்த்துகிறது. விழும் வேகமோ மேட்டை ஏறக்குறைய அதே இடத்தில் விட்டுவிட்டு, பார்வைத் திசையில் சோடிகளின் எண்ணிக்கை எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதை மாற்றுகிறது. இடம் ஒன்று, உயரம் ஒன்று. சோடிகளைப் பார்வைத் திசையோடு அவை செய்யும் கோணத்தின்படி வகைபிரித்து எண்ணினால் இரண்டும் தனித்தனியாக வந்துவிடும். ஒலிவளையம் அங்கே ஆணி மாதிரி நிற்பதால்தான் இது முடிகிறது.

இரண்டையும் ஏன் அளக்க வேண்டும் என்பதுதான் நான் எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல விரும்புவது. விரிவு வேகம் கூடிக்கொண்டு போகிறது என்று 1998 இலிருந்து தெரியும். அதற்குக் காரணம் கருஞ்சக்தி என்ற ஒரு பொருளாக இருக்கலாம், அல்லது பெருந்தூரங்களில் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கையே பிழைத்திருக்கலாம். விரிவை மட்டும் அளந்தால் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது, ஒரே விரிவு வரலாற்றை இரண்டு வழியிலும் எழுதிவிடலாம். வளர்ச்சி அங்கேதான் சாட்சி சொல்ல வருகிறது. ஐன்ஸ்டைன் சரியென்றால், வளர்ச்சி வீதம் என்பது அந்தக் காலத்துச் சடப்பொருளின் பங்கை 0.55 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் வரும் எண்ணுக்கு மிகக் கிட்ட இருக்க வேண்டும். செம்பெயர்ச்சி 0.5 இல், அதாவது ஏறத்தாழ 5 பில்லியன் வருடங்களுக்கு முன், அது 0.76. இன்று 0.53. விரிவு முடுக முடுகச் சடப்பொருள் சேர்வது தளர்ந்துகொண்டு போகிறது, அவ்வளவுதான் அதன் பொருள். வேறு ஈர்ப்புக் கொள்கை என்றால் அந்த அடுக்கு 0.55 ஆக இருக்காது. விரிவிலிருந்து ஒரு எண்ணை எதிர்பார்த்து, நசுங்கலிலிருந்து அதே எண் வருகிறதா என்று பார்க்கிறோம். 2024 நவம்பரில் டெசி தன் முதல் வருடத் தரவில் இதைச் செய்தது, விடை ஐன்ஸ்டைனோடு ஒத்துப்போகிறது. வழு இன்னும் பெரிதுதான், ஆனால் பில்லியன் ஒளியாண்டு அளவில் ஈர்ப்பைச் சோதிக்கிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள், ஐன்ஸ்டைன் தன் கொள்கையை எழுதிய 1915 இல் நம் பால்வீதிக்கு வெளியே வேறு பேரடைகள் இருக்கின்றனவா என்பதே முடிவாகவில்லை.

விரிவுப் பக்கத்தில்தான் இப்போது பரபரப்பு. 2025 மார்ச்சில் டெசி 14 மில்லியனுக்கு மேற்பட்ட பேரடைகளையும் குவாசர்களையும் வைத்து, கருஞ்சக்தி மாறிலியாக இல்லாமல் காலத்தோடு வலுக்குறைகிறது என்ற மாதிரி தரவுக்கு நன்றாகப் பொருந்துகிறது என்று அறிவித்தது. எந்தச் சுப்பர்நோவாத் தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் வலு 2.8 இலிருந்து 4.2 சிக்மா வரை போகிறது (இந்தச் சிக்மா, ஒரு முடிவு தற்செயலாக வந்திருக்காது என்பதன் அளவு; முன்பு சொன்ன சிக்மா எட்டு வேறு). என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இதை இன்னும் கண்டுபிடிப்பு என்று சொல்லக் கூடாது. சேர்க்கும் தொகுப்பு மாறினால் வலு இவ்வளவு மாறுகிறது என்பதே ஒரு எச்சரிக்கை. அதே நேரம், ஆய்வு செய்தவர்கள் விடையைத் தங்களிடமிருந்தே மறைத்துவைத்து, எல்லா முடிவையும் எடுத்த பிறகுதான் திறந்து பார்த்தார்கள். அதனால் இதைத் தட்டிக்கழிக்கவும் முடியாது. யூக்ளிட் விண்கலம் 2023 ஜூலையில் விண்ணுக்கு ஏவப்பட்டது, அதன் பேரடைத் தரவு இதைத் தனியாகச் சோதிக்கும்.

கடைசியாக, இதை நீங்கள் வாசிப்பதோடு நிறுத்த வேண்டாம். பொஸ் தரவு முழுவதும் இலவசமாக இணையத்தில் கிடக்கிறது, டெசியின் முதல் தொகுதியும் 2025 மார்ச்சிலிருந்து கிடைக்கிறது. பைத்தன் கொஞ்சம் தெரிந்தால் ஒரு மடிக்கணினி போதும், முழுவதையும் எடுக்காமல் வானத்தின் ஒரு பகுதியை எடுங்கள். பேரடைக் கோப்போடு அதற்குரிய தற்செயல் புள்ளிக் கோப்பையும் சேர்த்தே இறக்குங்கள், முதல்தரம் செய்பவர்கள் அதை மறந்துவிட்டுத்தான் குழம்புவார்கள். ஒவ்வொரு பேரடைக்கும் தந்திருக்கும் நிறையையும் (திணிவு அல்ல, எண்ணும்போது அதற்குக் கொடுக்கும் மதிப்பு) விடாமல் போடுங்கள். இரண்டு ஒளியிழைகள் மிகக் கிட்டக் கிட்ட நிற்க முடியாததால் தவறிப்போன பேரடைகளுக்கான ஈடு அதற்குள்தான் இருக்கிறது. பிறகு சோடிகளை இரண்டு குவியலாகப் பிரியுங்கள், பார்வைத் திசையில் ஒன்று, குறுக்கே ஒன்று. சிறு பகுதியில் 147 மெகாபார்செக் மேடு சத்தத்துக்குள் அமுங்கிப்போகலாம், ஆனால் 20, 30 மெகாபார்செக்கில் இரண்டு வளைகோடும் ஒன்றாக இருக்காது, பார்வைத் திசைக் கோடு குறுக்குக் கோட்டிலிருந்து விலகி விரைவாக இறங்கும். அந்த இடைவெளிதான் நசுங்கல்.